இரு சம்பளங்களும் ஒரு வரியும்

ஓராண்டில் இரண்டு இடங்களில் சம்பளம் பெற்ற ஒருவருக்கு, இரண்டு இடங்களிலும் சட்டம் சொன்னபடியே வரிக் கணக்கு போடப்பட்டு, எவரும் எதையும் மறைக்காத நிலையிலும், ஆண்டு முடிவில் பெருந்தொகை ஒன்று வரிப் பாக்கியாக நிற்பது இந்தியாவில் ஒவ்வொரு ஜூலை மாதமும் ஆடிட்டர் அலுவலகங்களில் தெரியவரும் செய்தி. இதை வரி ஏய்ப்பு என்று பெயரிடுவது பொருந்தாது. ஏய்ப்புக்கு மறைக்கும் எண்ணம் வேண்டும்; இங்கே நிகழ்வது, ஒரு மனிதரின் முழு ஆண்டு வருமானத்தின் மீது விழும் வரியை, அந்த வருமானத்தின் ஒரு துண்டை மட்டுமே காண்கிற முதலாளியிடம் கணக்கிடச் சொல்வதால் விளையும் குறைபாடு. துண்டுகளை ஒன்று சேர்க்கும் வேலை யாருடையது என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை வேறுபடுகிறது. இந்தியச் சட்டம் அந்த வேலையை ஊழியரிடம் விட்டிருக்கிறது. விட்டது மட்டுமன்றி, அவர் அதைச் செய்யத் தவறினால் வட்டியும் கேட்கிறது.

வருமான வரியின் அடிப்படை இரண்டு. முதலாவது, வரி ஆளின் மீது விழுவது. அவருடைய ஓராண்டு வருமானம் எத்தனை வாசல் வழியாக வந்தாலும் ஒரே தொகையாகக் கூட்டப்பட்டு, கூடக்கூட விகிதம் ஏறுகிற அடுக்குகளில் வைக்கப்படும். இரண்டாவது, வசூல் மட்டும் ஆளிடமிருந்து தொடங்காமல், அவருக்குப் பணம் கொடுப்பவரிடமே தொடங்கும். இதுவே மூலத்தில் வரிப் பிடித்தம், வழக்கில் டிடிஎஸ். சம்பளத்தைப் பொறுத்தவரை 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவு இதை விதிக்கிறது. முதலாளி தம் ஊழியரின் அந்த ஆண்டுச் சம்பளத்தை மதிப்பிட்டு, அதற்குரிய மொத்த வரியைக் கணக்கிட்டு, சம்பளத்தில் அது எத்தனை விழுக்காடு என்று பார்த்து, அந்தச் சராசரி விகிதத்தில் மாதந்தோறும் பிடிக்க வேண்டும். வட்டி, கமிஷன் போன்ற வேறு வருமானங்களில் பிடித்தம் ஒரே நிலையான விகிதத்தில் நடக்கையில், சம்பளத்தில் மட்டும் அடுக்குமுறை முழுவதையும் முதலாளி நடத்திப் பார்க்க வேண்டியிருப்பதால், இந்தப் பிரிவு முதலாளியை ஒரு சிறிய வரி அதிகாரியாகவே மாற்றிவிடுகிறது. 2026 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளப் பிடித்தத்தை 392ஆம் பிரிவுக்கு மாற்றியிருப்பினும், முறையின் சாரம் மாறவில்லை. 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்பதால், கீழே வரும் எண்களும் பிரிவுகளும் படிவங்களும் அதைச் சார்ந்தவை.

புதிய வரி முறையில், அந்த ஆண்டுக்கு, முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. அடுத்து ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 விழுக்காடு என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 30 விழுக்காடு. சம்பளக்காரருக்கு எந்தச் செலவுக் கணக்கும் கேட்காமல் கழித்துக்கொடுக்கப்படும் நிலையான கழிவு 75,000 ரூபாய். இவை போக, மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு 87ஏ பிரிவின் கீழ் 60,000 ரூபாய் வரையிலான வரி முழுவதும் தள்ளுபடி. வரியின் மீது 4 விழுக்காடு செஸ்.

ஆண்டுக்கு 9 லட்சம் வீதம் இரண்டு நிறுவனங்களில் ஒரே சமயத்தில் சம்பளம் பெறும் ஒருவரைக் கொள்ளலாம். முதல் நிறுவனம் 9 லட்சத்தில் 75,000 கழித்து, 8,25,000 ரூபாய்க்கு அடுக்குப்படி 22,500 ரூபாய் வரி கண்டு, வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் அதை முழுவதும் தள்ளுபடி செய்து, பிடித்தம் இல்லை என்று முடிவு செய்கிறது. இரண்டாவது நிறுவனமும் அதே கணக்கைப் போட்டு அதே முடிவுக்கு வருகிறது. இரண்டு கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் அந்த மனிதரின் வருமானம் 18 லட்சம். கழிவு ஒரு முறை மட்டுமே கிடைக்கும் என்பதால் வரிக்குரியது 17,25,000. அடுக்குகளின் வழியே வரி 1,45,000. செஸ்ஸைச் சேர்த்தால் 1,50,800. பிடிக்கப்பட்டதோ பூஜ்யம். தனித்தனியே சரியான இரண்டு கணக்குகளைக் கூட்டியபோது ஒன்றரை லட்சம் ரூபாய்த் தவறு பிறந்துவிட்டது.

இந்தப் பள்ளத்தைத் தோண்டியது 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டில் உயர்த்தப்பட்ட தள்ளுபடிதான் என்று சொல்லப்படுவதுண்டு. அது பாதி உண்மையே. அதற்கு முந்தைய 2024-25 நிதியாண்டின் அடுக்குகளை இதே மனிதருக்குப் பொருத்திப் பார்த்தால், ஒவ்வொரு நிறுவனமும் 33,800 ரூபாய் பிடித்திருக்கும். மொத்த வரி 2,15,800. எஞ்சிய பாக்கி 1,48,200. அதாவது பாக்கியின் அளவு அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது வேறொன்று. அன்று சம்பளச் சீட்டில் வரி என்ற ஒரு வரிசை நிரம்பியிருந்தது. அதைப் பார்ப்பவருக்கு, இரண்டையும் கூட்டினால் என்ன ஆகும் என்று எண்ணவாவது ஒரு தூண்டுதல் இருந்தது. இன்று இரண்டு சீட்டிலும் பூஜ்யம் நிற்கிறது. பூஜ்யத்தைப் பார்த்தவர் தமக்கு வரியே இல்லை என்று நம்புவது இயல்பு. 12 லட்சம் வரை வரி இல்லை என்ற அறிவிப்பு ஆளின் மொத்த வருமானத்தைப் பற்றியது. அது செவிக்கு எட்டியபோது ஒவ்வொரு வேலைக்கும் உரியதாகப் புரிந்துகொள்ளப்பட்டது.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பவர் தொகை சிறிது; ஆண்டின் நடுவே வேலை மாறுகிறவர்கள் தொகையோ பெரிது. வரிச் சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒன்றே, ஏனெனில் அது பார்ப்பது ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கூட்டுத்தொகையை மட்டுமே. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 1,00,000 ரூபாயும், அக்டோபரில் வேறு நிறுவனத்துக்கு மாறி மார்ச் வரை மாதம் 1,50,000 ரூபாயும் பெற்றவரை முதல் முதலாளி ஆண்டுக்கு 12 லட்சம் பெறுபவராக மதிப்பிட்டார்; கழிவு போக 11,25,000; தள்ளுபடியால் வரி இல்லை. இரண்டாவது முதலாளி ஆறு மாதச் சம்பளமான 9 லட்சத்தை மட்டும் கண்டு, 4 லட்ச விலக்கையும் 75,000 கழிவையும் தள்ளுபடியையும் புதிதாகக் கொடுத்தார்; அங்கும் வரி இல்லை. உண்மை வருமானம் 15 லட்சம், வரி செஸ்ஸுடன் 97,500. சம்பளம் உயர்ந்த மகிழ்ச்சியோடு இடம் மாறியவருக்கு, அந்த உயர்வு தம்மை எந்த அடுக்கில் கொண்டுபோய் வைத்தது என்பது அடுத்த ஆண்டு ஜூலையில்தான் தெரிகிறது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் இந்தக் குறைபாடு இன்னும் பெருகும். ஆயுள் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி முதலியவற்றுக்கான 80சி பிரிவின் 1,50,000 ரூபாய்க் கழிவை இரண்டு முதலாளிகளிடமும் காட்டி இரண்டு முறை பெற்றுக்கொண்டவர்கள், பெரும்பாலும், தாம் அப்படிச் செய்ததை அறியாமலே செய்தவர்கள்.

ஓய்வு பெற்ற பின் தனியார் கல்லூரியிலோ மருத்துவமனையிலோ சம்பளத்துக்குச் சேர்பவர் மூன்றாம் வகை. ஓய்வூதியம் சட்டத்தில் சம்பளமாகவே கருதப்படும். அதை வழங்கும் கருவூலமோ வங்கியோ முதலாளியைப் போலவே கணக்கிடும். ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் ஓய்வூதியமும் 6,00,000 ரூபாய் சம்பளமும் பெறுபவருக்கு இரண்டு இடத்திலும் பிடித்தம் இராது. கூட்டினால், கழிவு போக, 12,45,000. அடுக்குப்படி வரி 66,750 என்றாலும், 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர் தாண்டிய தொகையைவிட அதிகமாக வரி கட்டக்கூடாது என்ற விளிம்பு நிவாரணம் அதை 45,000 ஆகக் குறைக்கும், செஸ்ஸுடன் 46,800. இவருக்குச் சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. இந்தியாவில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர், தொழில் அல்லது வணிக வருமானம் இல்லாதவராயின், ஆண்டின் நடுவே தவணை முறையில் கட்ட வேண்டிய முன்கூட்டிய வரியிலிருந்து 207ஆம் பிரிவு அவருக்கு விலக்களிக்கிறது. ஆகவே கணக்குத் தாக்கல் செய்யும்போது 46,800 ரூபாயை வட்டியின்றிக் கட்டிவிடலாம். ஆனால் அதே கல்லூரி அதே பணத்தைச் சம்பளமாகக் கொடுக்காமல் தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால், அது தொழில் வருமானமாகி, விலக்கு போய்விடும். பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முதியவர்கள் கவனிக்க வேண்டிய இந்த வேறுபாட்டை ஒப்பந்தம் தயாரிப்பவர்கள் சொல்வது அரிது.

இந்த இடைவெளியை அறியாமல் சட்டம் இயற்றப்படவில்லை. 192ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒரே நேரத்திலோ ஒன்றன்பின் ஒன்றாகவோ பல முதலாளிகளிடம் வேலை செய்தவர், தாம் விரும்பும் ஒரு முதலாளியிடம் மற்ற இடத்துச் சம்பளத்தையும் அங்கே பிடிக்கப்பட்ட வரியையும் தெரிவிக்கலாம் என்கிறது. தெரிவித்தால் அந்த முதலாளி இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டே தீர வேண்டும். இதற்கான தாள் படிவம் 12பி. தெரிவிப்பது ஊழியரின் விருப்பம். கணக்கில் கொள்வது முதலாளியின் கடமை. பெரிய நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவரிடம் மனிதவளப் பிரிவினர் இதைக் கேட்டு வாங்குவதுண்டு. சிறிய நிறுவனங்களில் கேட்பதில்லை. கேட்காததால் அவர்கள் சட்டத்தை மீறியவர்களும் ஆவதில்லை.

கேட்டாலும் பலர் கொடுப்பதில்லை என்பதற்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று. படிவம் 12பி மற்ற முதலாளியின் பெயரையும் முகவரியையும், சம்பளத்தின் விவரத்தையும் கேட்கிறது. வேலை மாறியவருக்கு இது பழைய சம்பளத்தைப் புதியவரிடம் வெளியிடுவது. பேரம் பேசிச் சேர்ந்தவர் அதை விரும்புவதில்லை. இரண்டு வேலை பார்ப்பவருக்கோ இது தம் வேலையையே இழக்கச் செய்யும் வாக்குமூலம். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 60ஆம் பிரிவு, ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவரை அதே நாளில் மற்றொரு தொழிற்சாலையில் வேலை செய்ய அனுமதிப்பதைக் கட்டுப்படுத்தியது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் பணி ஒப்பந்தங்கள் இரண்டாம் வேலையைத் தாமே தடை செய்கின்றன. 2022ஆம் ஆண்டில் விப்ரோ நிறுவனம், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கண்டறிந்த 300 பேரை நீக்கியதாக அதன் தலைவர் வெளிப்படையாகவே சொன்னார். அத்தகைய சூழலில் வரிச் சட்டம் காட்டும் வழி, பணி ஒப்பந்தம் தண்டிக்கும் வழியாக இருக்கிறது. விந்தை என்னவென்றால், வீட்டு வாடகை, வைப்பு வட்டி போன்ற வருமானங்களை அவை எங்கிருந்து வருகின்றன என்பது பற்றிய சங்கடம் ஏதுமின்றி முதலாளியிடம் தெரிவித்து வரி பிடிக்கச் செய்யும் தனி வழி 192ஆம் பிரிவிலேயே உண்டு. அந்த வழி சம்பளம் அல்லாத வருமானத்துக்கு மட்டுமே. மற்றொரு சம்பளத்தை அதில் சேர்க்க இயலாது.

இதே சிக்கலுக்குப் பிரிட்டன் கண்ட விடை நேர் எதிரானது. அந்த விடைக்கும் இந்தியாவுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. சம்பாதிக்கும்போதே கட்டும் வரிமுறை பிரிட்டனில் 1944 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதை வடிவமைத்தவர்களில் முதன்மையான பால் சேம்பர்ஸ், 1935-36இல் இந்திய வருமான வரி விசாரணைக் குழுவின் உறுப்பினராகவும், பின்னர் 1940 வரை இந்திய அரசின் வருமான வரி ஆலோசகராகவும் இருந்தவர். சம்பளத்தில் வரி பிடிக்கும் வழக்கம் இந்தியாவில் 1922ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது என்பதால், அவர் லண்டனுக்குத் திரும்பியபோது இந்த யோசனை அவருக்குப் புதிதாக இருந்திருக்க வாய்ப்பில்லை. பிரிட்டன் சேர்த்தது ஒரு குறியீட்டு முறையை. வரித்துறை ஒவ்வொரு ஊழியருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீட்டை வழங்கும். முதலாளி அக்குறியீட்டின்படி பிடித்தால் போதும், அதன் பின்னுள்ள காரணத்தை அவர் அறிய வேண்டியதில்லை. முதன்மை வேலைக்கு 1257எல் என்ற குறியீடு இருந்தால் 12,570 பவுண்டு வரிவிலக்கு அங்கே கொடுக்கப்படுகிறது என்று பொருள். இரண்டாம் வேலைக்குப் பெரும்பாலும் பிஆர் என்ற குறியீடு வரும்; விலக்கு எதுவுமின்றி முதல் பவுண்டிலிருந்தே 20 விழுக்காடு பிடிக்க வேண்டும் என்பது அதன் பொருள். இரண்டாம் முதலாளிக்குத் தெரிவதெல்லாம் இந்த ஊழியருக்கு வேறொரு வருமானம் உண்டு என்பதுதான்; எவ்வளவு, எங்கே என்பது தெரியாது.

இம்முறையும் முழுமையானதன்று. ஸ்காட்லாந்து நீங்கலான பகுதியில் 40,000 பவுண்டு சம்பளமும் 20,000 பவுண்டு இரண்டாம் சம்பளமும் பெறுபவரிடம் முதல் இடத்தில் 5,486, இரண்டாம் இடத்தில் பிஆர் குறியீட்டால் 4,000, ஆக 9,486 பவுண்டு பிடிக்கப்படும். ஆனால் மொத்தம் 60,000 பவுண்டு, 50,270 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு 40 விழுக்காடு என்பதால் உண்மை வரி 11,432, பாக்கி 1,946. வேறுபாடு பாக்கி எழுவதில் இல்லை, அதன் பின் நடப்பதில் உள்ளது. வரித்துறை தானே கணக்கிட்டுக் கடிதம் அனுப்பி, பாக்கி 3,000 பவுண்டுக்குக் கீழ் இருந்தால் வழக்கமாக அடுத்த ஆண்டின் குறியீட்டை மாற்றி, மாதச் சம்பளத்திலேயே சிறிது சிறிதாகப் பெற்றுக்கொள்கிறது. 2013 முதல் ஒவ்வொரு சம்பள நாளிலும் முதலாளிகள் விவரத்தை உடனுக்குடன் அனுப்ப வேண்டியிருப்பதால், ஆண்டு முடியும் முன்பே குறியீட்டைத் திருத்தவும் முடிகிறது.

அமெரிக்கா ஊழியரையே நம்புகிறது. ஆனால் கேட்கும் முறையில் நாகரிகம் உண்டு. 1943இல் சம்பளப் பிடித்தம் அங்கே பரவலானது. ஊழியர் முதலாளியிடம் கொடுக்கும் டபிள்யூ-4 என்ற படிவம் 2020இல் திருத்தி எழுதப்பட்டபோது, ஒன்றுக்கு மேற்பட்ட வேலை உள்ளவர்களுக்கென்றே ஒரு படி அதில் ஒதுக்கப்பட்டது. இரண்டே வேலைகள் எனில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும். நிலையான கழிவும் வரி அடுக்குகளும் ஒவ்வொரு வேலைக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்படும். இரண்டு சம்பளங்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் கணக்கு சரியாக வரும். ஒன்று மிகப் பெரிதாகவும் மற்றது மிகச் சிறிதாகவும் இருந்தால் பிடித்தம் கூடிவிடும். குறியிட விரும்பாதவர், கூடுதலாகப் பிடிக்க வேண்டிய டாலர் தொகையை மட்டும் எழுதிக்கொடுக்கலாம், காரணம் கேட்கப்படாது. ஜெர்மனி இன்னும் கண்டிப்பானது: இரண்டாம் வேலை ஆறாம் வரி வகுப்பில் வைக்கப்பட்டு, அடிப்படை விலக்கு இன்றியே பிடித்தம் நடக்கும், கூடப் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டும். பிடித்தம் ஒரு மதிப்பீடே என்பதால் அதில் பிழை இருந்தே தீரும்; அந்தப் பிழை அரசின் பக்கம் சாய்வதா, ஊழியரின் பக்கம் சாய்வதா என்பதை ஒவ்வொரு நாடும் தேர்ந்தெடுக்கிறது. ஜெர்மானியர் ரீஃபண்டுக்குக் காத்திருக்கிறார்; இந்தியர் பாக்கிக்குக் காத்திருக்கிறார். மாதக் கடைசியில் கையில் பணம் மிஞ்சாத குடும்பங்களுக்கு இரண்டாவது வகைக் காத்திருப்பே கொடியது, ஏனெனில் அந்தப் பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டிருக்கும்.

ஒரே நிரந்தரக் கணக்கு எண்ணின் கீழ், அதாவது பான் எண்ணின் கீழ், எல்லாச் சம்பளங்களும் வந்து சேர்கிற நாட்டில் வரித்துறையே ஏன் கூட்டிச் சொல்லக்கூடாது என்ற கேள்வி நியாயமானது. முதலாளிகள் காலாண்டுதோறும் 24கியூ என்ற அறிக்கையைத் தாக்கல் செய்கிறார்கள். ஆனால் ஊழியரின் ஆண்டுச் சம்பளம், கழிவு, தள்ளுபடி ஆகியவற்றின் முழு விவரம் கடைசிக் காலாண்டின் அறிக்கையில்தான் இடம்பெறுகிறது, அதற்கான கெடு மே 31. துறைக்கு முழுச் சித்திரம் கிடைக்கும்போது ஆண்டு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். பின்னர் ஜூன் நடுவில் முதலாளிகள் தரும் பிடித்தச் சான்றிதழ்களான இரண்டு படிவம் 16களும், 26ஏஎஸ் என்ற பிடித்தக் கணக்கும், ஆண்டுத் தகவல் அறிக்கையும் ஊழியருக்குக் கிடைக்கின்றன. எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. எல்லாம் தாமதமாக இருக்கின்றன. பிரிட்டனைப் போல மாதந்தோறும் விவரம் பெற்று, இரண்டாம் முதலாளிக்கு ஒரு விகிதத்தை மட்டும் அனுப்பும் ஏற்பாடு இந்தியாவில் நடத்த முடியாததன்று. படிவம் 12பியின் சங்கடமும் அதோடு தீர்ந்துவிடும்.

தாமதத்துக்கு விலை உண்டு. பிடித்தம் போக ஆண்டு வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருக்குமானால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும்: ஜூன் 15க்குள் 15 விழுக்காடு, செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். தவணைகள் தவறினால் 234சி பிரிவின் கீழும், ஆண்டு முடிவில் 90 விழுக்காடு கூடச் செலுத்தப்படவில்லையெனில் ஏப்ரல் முதல் 234பி பிரிவின் கீழும் மாதம் 1 விழுக்காடு வட்டி சேரும். நூறு ரூபாய்க்குக் கீழான சில்லறை விடப்படும், மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகக் கொள்ளப்படும். மேலே கண்ட 18 லட்சம் பெறுபவர் ஜூலை 31 அன்று 1,50,800 ரூபாயையும் ஒரே தவணையாகக் கட்ட வந்தால், 234சி வட்டி நான்கு தவணைகளுக்கும் சேர்த்து 7,613, 234பி வட்டி நான்கு மாதத்துக்கு 6,032, ஆக 13,645 ரூபாய் கூடுதல். முன்கூட்டிய வரி என்பது வணிகர்களுக்கும் மருத்துவர்களுக்கும் உரியது, மாதச் சம்பளக்காரருக்கு அன்று என்ற நம்பிக்கையின் விலை இது.

இதில் நியாயமற்ற ஒரு மூலையும் உண்டு. எதிர்பாராமல் வந்த மூலதன ஆதாயம், லாட்டரிப் பரிசு, டிவிடெண்ட், முதன்முறையாகத் தொடங்கிய தொழிலின் வருமானம் ஆகியவற்றால் முந்தைய தவணைகள் குறைந்திருந்தால், எஞ்சிய தவணைகளில் கட்டிவிடும் பட்சத்தில் 234சி வட்டி இல்லை. இந்தப் பட்டியலில் சம்பளம் இடம்பெறவில்லை. அக்டோபரில் வேலை மாறியவர், ஜூன் 15 அன்று தமக்கு அப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று ஜோதிடம் பார்த்தாவது அறிந்து தவணை கட்டியிருக்க வேண்டும் என்பதே இதன் விளைவு. லாட்டரி விழுந்தவருக்குக் கொடுத்த பொறுமையை இடம் மாறிய ஊழியருக்குக் கொடுக்காததற்கு, முதலாளி பிடித்துவிடுவார் என்ற பழைய அனுமானத்தைத் தவிர வேறு காரணம் புலப்படவில்லை.

இரண்டாம் வேலை சம்பளமாக அன்றிக் கட்டணமாக வரும்போது நிலைமை சிறிது வேறு. மருத்துவர், பொறியாளர், கணக்கர் போன்றோருக்குத் தரப்படும் தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 194ஜே பிரிவின்படி 10 விழுக்காடு பிடிக்கப்படும். 25 லட்சம் சம்பளம் பெறுபவர் வெளியே 4 லட்சம் கட்டணம் பெற்றால் பிடித்தம் 40,000. செலவு எதையும் கழிக்காத நிலையில் செஸ்ஸுடன் உரிய வரி 1,24,800. இங்கே ஏதோ பிடிக்கப்பட்டது என்பதே ஏமாற்றுகிறது. பிடித்த விகிதத்துக்கும் உரிய விகிதத்துக்கும் தொடர்பே இல்லை.

பாக்கி வேறு, மறைப்பு வேறு. பிடிக்கப்படாத வரியை நேரடியாகச் செலுத்தும் பொறுப்பு 191ஆம் பிரிவின்படி ஊழியருடையது. அதைச் சுயமதிப்பீட்டு வரியாக வட்டியோடு கட்டி, இரண்டு சம்பளங்களையும் கணக்கில் காட்டியவர்மீது குற்றம் எதுவும் சாராது. ஒரு படிவம் 16ஐ மட்டும் கொண்டு தாக்கல் செய்து மற்றதை விட்டுவிட்டவருக்கோ, குறைத்துக் காட்டியதற்காக அந்த வரியின் 50 விழுக்காடும், வேண்டுமென்றே திரித்தது என்று நிறுவப்பட்டால் 200 விழுக்காடும் 270ஏ பிரிவின் கீழ் அபராதம் வரலாம். மறந்து விட்டவர் தாமே முன்வந்து திருத்த நான்கு ஆண்டு வரை வாய்ப்பு உண்டு. ஆனால் புதுப்பிக்கப்பட்ட அந்தக் கணக்கோடு, காலதாமதத்துக்கு ஏற்ப, வரியிலும் வட்டியிலும் 25 முதல் 70 விழுக்காடு வரை கூடுதலாகச் செலுத்த வேண்டும்.

வேலை மாறியவருக்கு ஆண்டின் கடைசி மாதங்களிலும் பயன்படும் ஒரு வழி உண்டு. ஊழியர்களிடையே அது போதிய அளவு அறியப்படவில்லை. 234சி வட்டி கணக்கிடப்படும்போது, முதலாளி பிடித்த வரி எந்த மாதத்தில் பிடிக்கப்பட்டது என்று பார்க்கப்படுவதில்லை; அது முதலிலேயே மொத்த வரியிலிருந்து கழிக்கப்படும், எஞ்சியதற்கே தவணைகள். ஆகவே 97,500 ரூபாய் பாக்கி உள்ள அந்த ஊழியர் பிப்ரவரியில் படிவம் 12பி கொடுத்து, பிப்ரவரி, மார்ச் சம்பளங்களில் மாதம் 48,750 வீதம் பிடிக்கச் செய்தால், ஜூன் தவணை தவறியதற்கும் செப்டம்பர் தவணை தவறியதற்கும் வட்டி ஒரு ரூபாயும் இராது. பழைய சம்பளத்தைப் புதிய முதலாளியிடம் சொல்ல விரும்பாமல் அதே தொகையை மார்ச் 10 அன்று முன்கூட்டிய வரியாகத் தாமே கட்டினால், முதல் மூன்று தவணைகளுக்காக 3,945 ரூபாய் வட்டி விழும். இரண்டு வேலைகளை ஒன்றுக்கொன்று தெரியாமல் வைத்திருப்பவருக்கு முதல் வழி இல்லை. அவர் ஜூன் மாதத்திலேயே இரண்டு சம்பளங்களையும் கூட்டிப் பார்த்து, முதல் தவணையைத் தம் கையாலேயே கட்டத் தொடங்க வேண்டும்.